சிஸ்டரின் பஸ்ஸுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

எங்கள் வீட்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுப்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. கடைசியாக நான் பார்த்து வாங்கிய மிக்ஸி, சட்னி அரைப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்தது. அதற்கு முன் வாங்கிய சோபாவில் உட்கார்ந்த விருந்தாளிகளை எழுப்ப இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு தக்காளி வாங்கக்கூட என்னை அனுப்புவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே தேர்ந்தெடுப்பதுதான். மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக செலக்‌ஷன் பார்க்கிறேன். தோலை மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிசல் என்று பிரித்துப் போட வேண்டும். நான் சொன்னால் இத்தாலியிலிருந்து வரும் வியாபாரி கேட்டுக்கொள்வார். ஆற்காட்டில் இருக்கும் என் மனைவி கேட்க மாட்டாள்.

அவள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பத்து மூன்று வருடம் ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்து, போன வருடம் ஓய்வு பெற்றாள். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும். பயம் வரும்போது நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பது வழக்கம். இவளுக்கு வார்டில் எல்லோரும் சேர்ந்து இருபத்தேழு அங்குல கேமிங் மானிட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். அவளே டீ குடிக்கும்போது கேட்டு வைத்திருக்கிறாள். பெங்களூருக்கு வேலைக்குப் போன எங்கள் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. யாரோ புண்ணியவான் அதில் ஏலகிரி மலைப்பாதை மாதிரியே ஒரு சாலையைச் செய்து போட்டிருக்கிறான். விடுமுறை நாளில் அவள் அதை ஓட்டுவாள். முப்பத்து மூன்று வருடம் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தவளுக்கு, ஒரு தடவையாவது அந்த சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம்.

ஆனால் மகன் போகும்போது கம்ப்யூட்டருக்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அது இருந்த இடத்தை மட்டும் எங்களுக்கு விட்டுச் சென்றிருந்தான். திரையில் படத்தை வேகமாக வரைந்து அனுப்புவது அந்தக் கார்டுதான். அது இல்லாமல் பஸ், கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு படமாக நகர்ந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அனுபவப்பட்ட ஆள் வேண்டும், வாரத்தில் ஆறு நாள், உடனே வந்தால் நல்லது என்றார்கள். அவளுடைய முழங்கால் இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிற நிலைமை. வேண்டாமே என்றேன்.

“வீட்ல சும்மா குந்தினு இருக்க என்னால முடியாது” என்றாள். “பஸ்ஸாவது ஓடணும், இல்ல நானாவது ஓடணும். திங்கக்கெழம பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள கார்ட நீங்க பாத்து வாங்கினு வாங்க.”

“நானா?”

“பையன்கிட்ட கேட்டா, உனக்கெதுக்கும்மா இதெல்லாம்னு ஆரம்பிப்பான். நீங்கதான் செலக்‌ஷன் ஆளாச்சே.”

நக்கலா, நம்பிக்கையா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டும் பாதிப் பாதி இருந்தது. எனக்கு அதுவே போதும். அவள் ஷிப்டும் என் ஷிப்டும் மாறி மாறி ஓடியதில், நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காலையில் இட்லி சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம். இந்த ஒரு பொருளை நான் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் அவள் வீட்டில் இருப்பாள். சொதப்பினால் நர்சிங் ஹோமுக்குப் போய்விடுவாள். பொறுப்பு இவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

மானிட்டர் பெட்டியைப் படித்தேன். அடாப்டிவ் சிங்க், நாற்பத்தெட்டு முதல் எழுபத்தைந்து வரை என்று போட்டிருந்தது. மதிய உணவு நேரத்தில் போனில் வீடியோக்களைப் பார்த்து, அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தேன். சாதாரணத் திரை, டைம் கீப்பர் விசில் அடித்ததும் கிளம்பிவிடுகிற பஸ். ஆள் ஏறினானா, ஒரு கால் வெளியே தொங்குகிறதா என்று பார்க்காது. அதனால்தான் படம் நடுவில் கிழிந்து மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமும் நிற்கும். அடாப்டிவ் சிங்க் திரை நல்ல கண்டக்டர். கார்டு அடுத்த படத்தைக் கொடுக்கும்வரை பொறுத்திருந்து, ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் எந்தக் கண்டக்டரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. நொடிக்கு நாற்பத்தெட்டு படத்துக்குக் கீழே கார்டு இழுத்துக்கொண்டு வந்தால் அவரும் விசிலை ஊதிவிடுவார்.

இது புரிந்தவரை நன்றாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கார்டுகளைப் பார்க்கப் போனேன். பச்சைக் கம்பெனி, சிவப்புக் கம்பெனி, நீலக் கம்பெனி என்று மூன்று கட்சிகள். ஒவ்வொரு கட்சிக்கும் நம்பர் நம்பராக வேட்பாளர்கள். பெரிய நம்பர் சின்ன நம்பரைவிட மெதுவாம். ஒரே நம்பருக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்தால் அது வேறு ஜாதியாம். ஒருவர் வீடியோவில் இதைத் தவிர எதை வாங்கினாலும் முட்டாள் என்றார். அடுத்தவர் அதை வாங்கியவன்தான் முட்டாள் என்றார். இரண்டு நாளில் என் ரத்த அழுத்தம் ஏறியது. மனைவி கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உப்பைக் குறைத்தாள். உப்பின்மேல் எந்தத் தப்பும் இல்லை.

தொழிற்சாலையில் ஷூவுக்குத் தோல் வெட்டும் பிரிவின் மேஸ்திரி என் நெடுநாள் தோஸ்த். உருதுவில் திட்டி, தமிழில் சமாதானம் செய்கிறவர். என் கையிலிருந்த தாளில் நம்பர்களைப் பார்த்துவிட்டு லாட்டரியா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கார்டும் மானிட்டரும் ஜோடி சேர வேண்டும், அதுதான் பேஜாராக இருக்கிறது என்றேன்.

“ஜோடிக்கு இன்னா தோஸ்த் பாப்போம்?” என்றார். “எடது காலும் வலது காலும் ஒரே தோல்ல வெட்டினதா, அவ்ளோதான. ஜாஸ்தி யோசிக்காத.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. ஒரு ஜோடி ஷூவுக்கு இரண்டு மேல்தோலையும் ஒரே தோலிலிருந்து, பக்கத்துப் பக்கத்தில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஒரு கால் கறுத்து, ஒரு கால் வெளுத்து நிற்கும். இத்தனை வருடம் இதைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன், வீடியோவில் கத்துகிறவர்களிடம் போய்ப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேனே!

மானிட்டர் பெட்டியில் இருந்த கம்பெனிப் பெயரிலேயே கார்டும் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அன்று சாயங்காலமே, ஒரு செவ்வாய்க்கிழமை, வேலூருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர், மூக்கின் நுனியில் கண்ணாடி, நிதானமான பேச்சு. எந்த கேம், மானிட்டர் எத்தனை புள்ளி, கம்ப்யூட்டருக்குள் பவர் சப்ளை எவ்வளவு தாங்கும் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு அதெல்லாம் புதிதாக வந்த தொழிலாளி கேட்கிற கேள்வியாகத் தோன்றியது. கம்பெனிப் பெயரைச் சொல்லி, அவர்கள் கார்டில் ஒன்று எடுங்கள் என்றேன். பெட்டிமேல் இருக்கிற பெயருக்கும் ஜோடி சேர்வதற்கும் சம்பந்தமில்லை, உள்ளே இருக்கும் பலம்தான் கணக்கு என்று அவர் பொறுமையாக விளக்க வந்தார். நான் அனுபவஸ்தனின் புன்னகை ஒன்றைப் புரிந்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் என்னையே நான் கழிசலில் தூக்கிப் போடத் தோன்றுகிறது.

அந்தப் பெயரில் அவரிடம் ஒரே ஒரு கார்டுதான் இருந்தது. சின்னதாக, ஒற்றை விசிறியோடு இருந்தது. அதைக் கடை வாசலுக்கு எடுத்துப் போனேன். டியூப் லைட் வெளிச்சத்தில் செலக்‌ஷன் பார்க்கக் கூடாது. அந்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினேன். பழக்கதோஷத்தில் முகர்ந்தும் பார்த்துவிட்டேன். முதல் தரம் என்று சொல்லி உள்ளே கொண்டு வந்தேன். கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கடைக்காரர் மட்டும், பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருங்கள், ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருகிறேன் என்று பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தார். என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ.

மறுநாள் பொருத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. கம்ப்யூட்டர் செத்துவிட்டது, கார்டு செத்துவிட்டது, நானும் கிட்டத்தட்ட அதே நிலை. மனைவி குனிந்து பின்பக்கம் பார்த்துவிட்டு, வயரைக் கம்ப்யூட்டரின் பழைய துளையிலிருந்து பிடுங்கிப் புதுக் கார்டில் சொருகினாள். வெளிச்சம் வந்தது. “ட்ரிப் ஸ்டாண்ட்ல தொங்குது, ஊசி கையில இல்ல, அந்தக் கேஸ்தான்” என்றாள்.

பஸ் கிளம்பியது. சமதளச் சாலையில் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. புளியமரங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் கடந்தன. நான் மார்பில் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். மலையடிவாரத்து பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன விக்கல். மலை ஏறி முதல் கொண்டை ஊசி வளைவில் இன்னொன்று. இரண்டாம் வளைவில் திரை வெட்டி வெட்டி இழுத்து, நிற்கலாமா போகலாமா என்று யோசித்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பஸ் திரும்பாமல், திருப்பி முடித்த பிறகு ஞாபகம் வந்ததுபோல் ஒரேயடியாகத் திரும்பி, பள்ளத்தில் இறங்கியது.

அவள் திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம் இருக்கிறது. பேசாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய் முருங்கைக் கீரை ஆய்ந்தாள். நான் பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். எது பழகும், கார்டா, பள்ளமா என்று கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு தாள் இருந்தது. வார்டில் காய்ச்சல், நாடி, மூச்சு எல்லாம் தாளில் குறிப்பார்களே, அதே மாதிரி கோடு போட்டு, நேரம் எழுதி, புள்ளி வைத்து இணைத்திருந்தாள். பத்து மணிக்கு எழுபத்து நான்கு. பத்தேகாலுக்கு அறுபத்தொன்று. பிறகு நாற்பத்தொன்று. கடைசியில் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டைச் சுற்றி சிவப்பில் வட்டம்.

என் நாடி! நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தாளே, அது பாசம் இல்லை, பரிசோதனை! முப்பத்தெட்டு நாடியோடு ஒருவன் மேல்விஷாரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்திருக்கிறான். அந்தத் தண்ணீர் கடைசித் தண்ணீராக இருக்கலாம். காலை பத்து மணிக்கு நான் தொழிற்சாலையில் இருந்தேனே, அங்கிருந்து எப்படிப் பார்த்திருப்பாள் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அப்படியே தரையில் படுத்தேன். காலை உயர்த்தி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன், எங்கேயோ கேள்விப்பட்டது. பெங்களூருக்குப் போன் செய்யலாமா, சபை போதகருக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கொத்தமல்லிக் கட்டோடு உள்ளே வந்தாள்.

“இன்னாங்க இது கோலம்?”

“சிஸ்டர்” என்றேன். “எவ்ளோ நாள் இருக்கு?”

நான் காட்டிய தாளைப் பார்த்தாள். கொத்தமல்லிக் கட்டை மேஜையில் வைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து, கீழே உட்கார்ந்து சிரித்தாள். “அது உங்க பல்ஸ் இல்ல. பஸ்ஸோட பல்ஸ்.”

விளையாட்டில், நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று திரை மூலையில் காட்டும் வசதி இருக்கிறது. காலையில் ஒரே பாதையை மூன்று தடவை ஓட்டி, எங்கே எவ்வளவு வருகிறது என்று குறித்திருக்கிறாள். சமதளத்தில் நன்றாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைக் கண்டதும் நாற்பத்தொன்றுக்கு இறங்குகிறது. மலையில் முப்பத்தெட்டு. நாற்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் மானிட்டர் தாங்காது.

“கார்டு வாங்கினப்போ இத கேக்கலியா கடையில?” என்றாள்.

தரையில் படுத்த நிலையில் பொய் சொல்வது கஷ்டம். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் கேட்டதை, நான் புன்னகைத்ததை, ஒரே தோல், ஒரே ஜோடி, வாசல் வெளிச்சம், முகர்ந்தது வரைக்கும்.

கேட்டுவிட்டு, “ஒரே வீட்டுப் பேருன்னு ஒருத்தர் ரத்தத்த இன்னொருத்தருக்கு ஏத்துவாங்களா?” என்றாள். “குரூப்பத்தான பாக்கணும்.”

தப்பு பண்ணிட்டேன், திங்கட்கிழமைக்குள் என்னால் இதைச் சரிசெய்ய முடியும் என்று தோன்றவில்லை, ஆனால் நீ அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். ஜோக்கடிக்காமல் நான் பேசியது அந்த மாதத்தில் அது ஒன்றுதான். அவள் என் காலை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்தாள். “எந்திரிங்க. நாளைக்கு ரெண்டு பேரும் போலாம்.”

சனிக்கிழமை கடையில் அவள் அந்தத் தாளை மேஜைமேல் வைத்தாள். கூடவே பவர் சப்ளைமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் போட்டோ. கம்ப்யூட்டருக்குள் கார்டுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை, புண் அளக்கும் காகித அளவுகோலால் அளந்து அதையும் எழுதியிருந்தாள். கடைக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு முழுவதையும் படித்தார். அவருடைய கடையில் யாரும் இப்படி ஒரு கேஸ் ஷீட் கொண்டு வந்ததில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்து, சார் கூட வந்திருக்கிறாரா என்று அவளிடம் கேட்டார். ஆமாம், அட்டெண்டர் என்றாள்.

மலையில் ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கக் கூடாது, எழுபத்தைந்துக்கு மேலே போனாலும் பிரயோஜனமில்லை என்று அவள் சொல்ல, அவர் அலமாரியில் இருந்த ராட்சசக் கார்டுகளைத் தாண்டி நடுத்தரமான ஒன்றை எடுத்தார். இந்தப் பாதைக்கு இது போதும், இதுக்கு மேலே வாங்கினால் மானிட்டரால் அதைப் பயன்படுத்த முடியாது, உங்கள் பவர் சப்ளையும் தாங்காது என்றார். பெட்டியில் வேறு கம்பெனிப் பெயர். மானிட்டர் ஒரு தோல், இது வேறு தோல். என் கட்டைவிரல் அரித்தது. பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். பழையதைத் திருப்பிக் கொடுத்து, மேலே கொஞ்சம் கட்டி, புதுப் பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டு ஆற்காடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அவள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பொருத்தினோம். வயரை அவள்தான் சொருகினாள். பஸ் ஸ்டாண்டில் நுழையும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறுபத்து நான்கு என்றாள். மலை ஏறினோம். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. விக்கல் இல்லை. ஸ்டியரிங் திரும்பிய அதே நேரத்துக்கு மலையும் திரும்பியது, பள்ளத்தாக்கு மெல்ல விரிந்து கொடுத்தது. அவள் தோளை ஒரு பக்கம் சாய்த்து ஓட்டினாள். இத்தனை வருடத்தில் அவளை இந்த முகத்தோடு நான் பார்த்ததில்லை. நல்லா இருக்கா என்று கேட்டேன். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் ஏழரை மணிக்கே பஸ்ஸை எடுத்துவிட்டாள். இட்லித் தட்டு கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நானும் தட்டோடு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு நர்சிங் ஹோமிலிருந்து போன் வந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“இப்போ வர முடியாதும்மா” என்றாள். “பஸ் ஓட்டிட்டு இருக்கேன்.”

எந்த பஸ் சிஸ்டர் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். மலை பஸ் என்றாள். வளைவு வருது, வச்சிடறேன் என்று சொல்லி, போனை வைக்கும்படி எனக்குச் சைகை காட்டினாள். வைத்தேன். ஐந்து நிமிடத்தில் என் போனுக்கு அழைப்பு வந்தது. அதே அம்மாள்தான், ரொம்பத் தாழ்ந்த குரலில், ரிடையர் ஆன பிறகு சிஸ்டருக்கு உடம்பு, மனசு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். ரொம்ப நன்றாக இருக்கிறாள், இனிமேல் வேலைக்கு வருவதாக உத்தேசமில்லை என்று சொன்னேன்.

போனை வைத்துவிட்டு மணியைப் பார்த்தேன். எட்டே கால். மேல்விஷாரத்துக்குப் போகிற என் பஸ் தெருமுனையைத் தாண்டிப் போயிருக்கும். இருபத்தெட்டு வருடத்தில் அதை நான் தவறவிட்டதில்லை. வேலைக்கு நேரமாகலியா என்று அவளும் கேட்கவில்லை. எதிரே ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது, அதற்கு வழிவிட்டு வளைவின் ஓரமாகக் காத்திருந்தாள். நான் இன்னும் இரண்டு இட்லி வைத்துக்கொண்டேன்.